கிருமிக்குப் பெயர் தேடிய நாட்கள்

கிருமிக்குப் பெயர் எழுதுகிற வேலையில் ஒரு வசதி உண்டு: பெயர் பிழையாகிப்போனாலும் கிருமி வந்து சண்டை பிடிக்காது. சண்டை பிடிக்க வருகிறவர்கள் மனிதர்கள்தான். சில பேர் சண்டை பிடிக்காமலே போய்விடுவார்கள், அதுதான் மோசம். ஆய்வுகூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, "ரிப்போர்ட் வந்திட்டுதோ?" என்று கேட்கிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு நான் எழுதுவது விளங்கும்.

நாட்டில் சண்டை நடந்த காலத்தின் கடைசி வருடங்கள். நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். வேலை பம்பலப்பிட்டியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில். சாதாரண முறையில் பிடிபடாத பக்டீரியாக்களை எங்களிடம் அனுப்புவார்கள். எல்லாப் பக்டீரியாவிலும் இருக்கிற ஒரு மரபணு, ஆயிரத்தைந்நூறு எழுத்துச் சொச்சம். அதை நாங்கள் பிரதி எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அங்கே அதை வாசித்து, எழுத்துகளை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். அந்த எழுத்துகளை, தெரிந்த கிருமிகளின் எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்ல வேண்டியது நான். கேட்கச் சுலபமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தயிர்க் கோப்பை

நான் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. கொட்டாஞ்சேனையில் பால் வியாபாரம் செய்கிற ஒரு முதலாளி வந்தார். தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். தன் தயிரை அழகான கோப்பையில் போட்டுப் பெரிய கடைகளுக்குக் கொடுக்க அவருக்கு ஆசை. கோப்பையில், உள்ளே இருக்கிற நல்ல பக்டீரியாவின் பெயரைப் போட வேண்டுமாம். எழுத்துகள் வந்தன. ஒப்பிட்டுப் பார்த்தேன். பட்டியலில் முதலாவதாக நின்ற பெயர் 'பிளான்டாரம்'. அதையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மூன்று கிழமை கழித்து வேறு ஏதோ வாசிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. பிளான்டாரத்துக்குக் கிட்டின சொந்தமாக 'பென்டோசஸ்' என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் வாசித்த மரபணுவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தால், இரண்டாவது வரியில் அதே புள்ளிகளோடு பென்டோசஸ் நிற்கிறது. நான் இரண்டாவது வரியைப் பார்க்கவேயில்லை. முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் அதற்குள் லேபிள் அடித்துவிட்டார், பக்டீரியாவுக்குச் சிரித்த முகம் எல்லாம் கீறி. நான் மன்னிப்புக் கேட்டு, பெயர் இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம் என்று இழுத்தேன். அவர் சிரித்தார். "பேரு எதுவா இருந்தா என்னம்மா, எங்க பாலு ஒரு நாளும் உறையாம இருந்ததில்லையே."

தண்ணீர் டியூப்

எனக்கு மேலே சுனேத்ரா அக்கா இருந்தார். இருபது வருட அனுபவம். தமிழ் கொஞ்சம் விளங்கும், பேசுவது சிங்களத்தில். அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன்; என்னை அவர் கூப்பிடுகிற 'நங்கி', அதாவது தங்கச்சி, மட்டும் அப்படியே. அவர் எனக்குப் படிப்பித்த முதல் விதி, மரபணுவைப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீர் போட்ட டியூப் ஒன்றையும் மெஷினில் வைக்க வேண்டும் என்பது. அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் வெளியிலிருந்து அசுத்தம் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு நாள் மெஷினில் இடம் போதவில்லை. தண்ணீர் டியூபை எடுத்துவிட்டு நோயாளி ஒருவரின் டியூபை வைத்தேன். அதே தொகுதியில், காய்ச்சல் விடாத ஒரு சின்னப் பிள்ளையின் இரத்தமும் இருந்தது. அதில் ஸ்டபிலோகொக்கஸ் இனத்தில் ஒன்று அகப்பட்டது. அந்த இனத்துக் கிட்டின சொந்தங்களுக்குள் அது எதுவென்று பிரித்துக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய புளுகம், பெருமை தாங்கவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினேன். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான எங்கள் பெரிய டொக்டர் தலையாட்டினார். சுனேத்ரா அக்கா மட்டும், "தண்ணீர் டியூப் எங்கே?" என்று கேட்டார்.

அன்று பின்னேரமே அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். இந்தமுறை தண்ணீர் டியூபோடு. பிள்ளையின் இரத்தத்தை ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து புதிதாக எடுப்பித்து, தன் கையாலேயே தயாரித்தார். அதில் ஒன்றுமில்லை. பிரதி எடுக்க நான் கலந்து வைத்திருந்த மருந்துத் தண்ணீர் போட்ட டியூபில் மட்டும் ஏதோ பளிச்சென்று நின்றது; பிறகு எழுத்துகள் வந்தபோது அதே ஸ்டபிலோகொக்கஸ். மனிதத் தோலில் சும்மா குடியிருக்கிற சாது அது. அந்த ரிப்போர்ட்டை நம்பி ஆறு நாளாக அந்தப் பிள்ளையின் கையில் ஊசி ஏற்றியிருக்கிறார்கள். நான் அழத் தயாராக நின்றேன். சுனேத்ரா அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நங்கி, இந்த நோயாளி நீதான்."

நாலு எழுத்து

என் அறையில் கூட இருந்தவள் வதனி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கனடா விசாவுக்குக் காத்திருந்தாள். நான் ஆய்வுகூடத்துக் கடதாசிகளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, கொண்டுவருவேன். கொம்பியூட்டர் ஒன்றுதான், அதற்கு எப்போதும் ஆள் இருக்கும். ஆகவே எழுத்துகளை அச்செடுத்து, வீட்டில் வைத்து, இரண்டு கிருமிக்கும் வித்தியாசப்படுகிற இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவேன். பக்கம் பக்கமாக ஏ, சி, ஜி, டி. வேறு எழுத்தே இல்லை. இடையிடையே சிவப்பு வட்டம்.

ஒரு காலை நான் வேலைக்குப் போன பிறகு எங்கள் ஒழுங்கையை, அந்தச் சின்னத் தெருவை, ஆமியும் பொலிசும் சுற்றி வளைத்துச் சோதனை. மேசையில் அந்தக் கடதாசிகள் கிடந்தன. இது என்ன இரகசிய மொழி என்று வதனியிடம் கேட்டிருக்கிறார்கள். அவளுக்குச் சிங்களமும் தெரியாது, என் கடதாசியில் இருப்பதும் தெரியாது. பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டுக்கார அம்மா எனக்குப் போன் எடுத்தபோது மணி ஒன்பதரை. நான் பொலிசுக்குப் போனது பின்னேரம் மூன்று மணிக்கு.

இதைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆய்வுகூடத்துக் கடிதம் ஒன்றும் இல்லாமல் போனால் என்னையும் பிடித்து வைப்பார்கள் என்று பயந்தேன். பெரிய டொக்டர் கூட்டத்தில் இருக்கிறார், அவர் வந்து கையெழுத்து வைக்கட்டும், இரப்பர் முத்திரை குத்தட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு ஐந்தரை மணித்தியாலம் கதிரையில் இருந்தேன். கடைசியில் சுனேத்ரா அக்காவும் என்னோடு வந்தார். அங்கேயிருந்த அதிகாரி கடிதத்தைப் பத்து நிமிடத்தில் வாசித்து, சுனேத்ரா அக்கா பேசியதைக் கேட்டு, வதனியை விட்டுவிட்டார். அவ்வளவுதான் வேலை. ஓட்டோவில் வரும்போது வதனி தெருவைப் பார்த்தபடியே இருந்தாள். வீட்டு வாசலில் இறங்கினதும் சொன்னாள். "அக்கா, நீங்கள் பயந்தனீங்கள் எண்டு எனக்கு விளங்குது, ஆனா நான் அங்க தனிய இருந்தனான்."

ஈரலுக்குள் இருந்தது

இனி எழுதப்போவதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேனோ தெரியாது.

வன்னியில் பரந்தன் பக்கத்திலிருந்து ஒரு கமக்காரர், வயல் செய்கிறவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர். மாரி மழையில் வயலுக்குள் நின்று வேலை செய்துவிட்டுக் காய்ச்சலில் விழுந்து, உடம்பு உருகி, கசம், காசநோய், என்று சொல்லி மருந்து குடித்து, அதற்கும் குணமில்லாமல் மனைவியோடு வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்திருந்தார். மனைவியின் பெயர் புவனேஸ்வரி. நான் புவனா அக்கா என்பேன். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்திருந்தார். புருஷன் ஒரு ஆஸ்பத்திரி வாட்டில். அவருடைய ஈரலில் சீழ்க்கட்டி. அந்தச் சீழிலிருந்து வளர்ந்த கிருமியை எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். புவனா அக்கா நாள் தவறாமல் காலை பத்து மணிக்கு பஸ்ஸில் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். கழற்றத் தேவையில்லை என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. "வந்திட்டுதே தங்கச்சி?" என்பார். "இன்னும் இல்லையக்கா" என்பேன்.

ஒரு வியாழக்கிழமை எழுத்துகள் வந்தன. இந்தமுறை நான் இரண்டாவது வரியையும் பார்த்தேன், மூன்றாவதையும் பார்த்தேன். இரண்டு பெயர்கள் ஏறக்குறையச் சமமாக நின்றன. ஒன்று, சேற்றிலும் தண்ணீரிலும் இருந்து உடம்புக்குள் புகுந்து மெலியோய்டோசிஸ் என்ற வருத்தத்தைக் கொடுக்கிற கிருமி. சரியான ஊசி போடாவிட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும். கசத்து மருந்துக்கு அது அசையாது. மற்றது அதன் கிட்டின சொந்தம். வயல் மண்ணில் பேசாமல் கிடக்கிறது. அப்போது எங்கள் நாட்டில் அந்த வருத்தத்தை நினைக்கிற டொக்டர்மார் மிகக் குறைவு. இன்னொரு மரபணுவையும் வாசித்தால் இரண்டையும் திட்டமாகப் பிரிக்கலாம். அதற்கு மறுபடி வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும்.

சுனேத்ரா அக்கா அந்தக் கிருமி வளர்ந்த தட்டை நாலு நாளாக வைத்துப் பார்த்திருந்தார். சுருங்கிப்போன தோல் மாதிரி அது மடிப்பு மடிப்பாக வளர்ந்திருந்தது; ஆளைக் கொல்லுகிறது அப்படித்தான் வளரும். "வாட்டுக்கு இப்போதே போன் எடு," என்றார். நான், உறுதியாகட்டும் அக்கா, இரண்டாவது மரபணு வரட்டும் என்றேன். பெரிய டொக்டர் அந்தக் கிழமை வெளிநாட்டில். வாட்டோடு பேசுவது என் பொறுப்பு; அதை மீறி சுனேத்ரா அக்கா பேச முடியாது. தயிர்க் கோப்பையில் சிரித்த முகமும், கூட்டத்தில் நான் காட்டிய படமும் என் கண்ணுக்குள் நின்றன. இன்னொரு தரம் பிழையான பெயரைச் சொல்லிவிட்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. கவனமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். சுனேத்ரா அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நங்கி, மண்ணில் பேசாமல் கிடக்கிறது இந்த மனிதனுடைய ஈரலுக்குள் ஏன் வருகிறது?"

முந்தாநாள்

இரண்டாவது மரபணு வரப் பதினொரு நாள் எடுத்தது. அந்த நாட்களில் புவனா அக்கா ஏழு தரம் வந்தார். ஏழு தரமும், "இன்னும் இல்லையக்கா" என்றேன். எட்டாம் நாள் வரவில்லை. ஒன்பதாம் நாளும் இல்லை. புருஷனோடு இருக்கிறார் ஆக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவர் வராதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பதினோராம் நாள் முடிவு வந்தது. ஆளைக் கொல்லுகிறதுதான். ஒரு எழுத்துச் சந்தேகம் இல்லை. வாட்டுக்குப் போன் எடுத்து மூச்சு விடாமல் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் தாதி பெயரை எழுதிக்கொண்டு, கட்டில் இலக்கத்தைக் கேட்டு, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். திரும்பி வந்து, அந்த நோயாளி போன வியாழக்கிழமை காலமாகிவிட்டார் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நன்றி என்று ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அடுத்த கிழமை புவனா அக்கா வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார். என்ன வருத்தத்தில் போனார் என்று ஊரில் கேட்பார்கள், ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தாங்கோ என்றார். எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தார். "இது எப்ப தெரிஞ்சது?" என்று கேட்டார். என் வாய் தானாகச் சொன்னது: "முந்தாநாள்தானக்கா." அவர் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்தார். "எல்லாரும் கசம் எண்டு சொல்லி விட்டிட்டினம், நீங்கள் ஒராள்தானம்மா விடாமத் தேடினீங்கள்."

கொட்டாஞ்சேனைக்குப் போன சனிக்கிழமை

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வழியில் ஆமிச் சோதனைச்சாவடியில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். அந்தச் சாட்டில் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். புவனா அக்கா லொட்ஜ் அறையில் உடுப்புகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகும் பாதை சண்டையால் பூட்டியிருந்தது, ஆகையால் வவுனியாவில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். புருஷன் உடுத்தும் சாரம் ஒன்று கட்டிலில் மடித்துக் கிடந்தது. எனக்குக் கதிரையைத் தந்துவிட்டு அவர் கட்டிலில் இருந்தார்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். முந்தாநாள் என்றது பொய். பாதிப் பெயர் வியாழக்கிழமையே தெரியும். அவருடைய புருஷன் உயிரோடு இருந்த வியாழக்கிழமை. அன்றைக்கே வாட்டுக்குச் சொல்லியிருந்தால் வேறு ஊசி தொடங்கியிருப்பார்கள். தப்பியிருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் தொடங்கியிருப்பார்கள். பிழை விட்டுவிடுவேனோ என்று பயந்துதான் சொல்லாமல் இருந்தேன். எல்லாவற்றையும் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அடிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது செய்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் அந்தச் சாரத்தைத் தடவினார். பிறகு, கோபமே இல்லாத குரலில், கணக்குப் பார்க்கிற மாதிரிக் கேட்டார். "அப்ப நான் ஒவ்வொரு நாளும் வந்து கேக்கேக்க, உங்களுக்குத் தெரியும் என்னம்மா?"

பிழையான போன்

பெரிய டொக்டர் வந்ததும் அவரிடமும் சொன்னேன். அவர் என்னை வேலையால் நிறுத்தவில்லை. சந்தேகம் என்றாலும் அன்றைக்கே வாட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கடதாசியில் எழுதி, சுவரில் ஒட்டச் சொன்னார். என் கையாலேயே ஒட்டினேன். அதற்குக் கீழே இருந்துதான் நான் ஒவ்வொரு நாளும் சாப்பிட வேண்டியிருந்தது.

ஆறேழு மாதம் கழித்து, பாமன்கடையில் வீடு கட்டுகிற இடத்தில் வேலை செய்கிற ஒரு மேசன். காலில் புண், காய்ச்சல், சீனி வருத்தமும் இருந்தது. தட்டில் வளர்ந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புவனா அக்காவின் புருஷனுடைய தட்டு ஞாபகம் வந்தது. மடிப்பு மடிப்பாக இருக்கிற மாதிரித் தெரிந்தது. எழுத்துகள் வரும்வரை நான் காத்து நிற்கவில்லை. அந்த வாட்டு டொக்டருக்குப் போன் எடுத்தேன். தெஹிவளையில் இருந்து வருகிற ஒரு இளம் முஸ்லிம் டொக்டர். நான் குழறிக் குழறிச் சொன்னதைக் கேட்டு உடனே ஊசியை மாற்றினார். பத்து நாளில் எழுத்துகள் வந்தன. நான் நினைத்த கிருமி இல்லை. தூரத்துச் சொந்தம்கூட இல்லை. எந்தத் தண்ணீர்த் தொட்டியிலும் கிடக்கிற சாதாரணக் கிருமி. பெரிய ஊசி அந்த மனிதனுக்குத் தேவையே இருக்கவில்லை; வயிறு வேறு கலங்கிப்போயிருந்ததாம்.

மறுபடி போன் எடுத்து, பிழை என்னுடையது டொக்டர் என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார் போல; பேனாச் சத்தம் கேட்டது. "புண் காஞ்சிட்டு வருது மிஸ், ஆளுக்கு ஒண்டுமில்ல, இனியும் சந்தேகம் வந்தா இப்படியே எனக்கு எடுங்க."

ஒன்றுக்கொன்று கிட்டின கிருமிகளைப் பிரித்துச் சொல்வதற்கென்றே படித்து, சம்பளமும் வாங்கிய எனக்கு, கவனத்தையும் கோழைத்தனத்தையும் பிரித்துப் பார்க்கத்தான் எந்த மெஷினும் உதவவில்லை.